ஊர் மன்றமும் ஊழியர் பயிற்சியும்

உள்ளாட்சியை மக்களாட்சியின் நாற்றங்கால் என்பர். நாற்று தழைக்க நீரும் வேண்டும். அதைப் பேணும் கையும் வேண்டும். மக்களின் பங்கேற்பு நீர் என்றால், பயிற்சி பெற்ற ஊழியரே அந்தக் கை. இவ்விரண்டும் நம் புதுவையில் எவ்வாறு இருந்தன, இனி எவ்வாறு அமைய வேண்டும் என்பதை ஈண்டு ஆராய விழைகிறேன்.

பழம்பெருமை

ரிப்பன் பிரபுவின் உள்ளாட்சித் தீர்மானம் 1882-இல் வெளிவந்தது. அதற்கு ஈராண்டுகள் முன்பே, 1880 மார்ச் 12-ஆம் நாளிட்ட ஆணையால், பிரெஞ்சிந்தியப் பகுதிகள் கொம்யூன்களாகப் பிரிக்கப்பட்டு மன்றங்கள் பெற்றன. 1907-இல் கொம்யூன்கள் 17 ஆயின. அக்காலத் தேர்தல்களில் அடிதடியும் முறைகேடும் மலிந்திருந்தன என்பதையும் மறைப்பதற்கில்லை. எனினும் 1954 அக்டோபர் 18-இல் கீழூரில் கூடி, இந்தியாவுடன் இணைவதா என்று முடிவு செய்தவர்கள் யார்? பிரதிநிதி சபை உறுப்பினர்களும் நகராட்சி மன்ற உறுப்பினர்களுமே. 178 பேரில் 170 பேர் இணைப்பை ஆதரித்தனர். நம் விடுதலைக்கே வாக்களித்தது உள்ளாட்சி எனலாம்.

நீண்ட இடைவெளி

அத்தகைய மண்ணில் 1968-க்குப் பின் 38 ஆண்டுகள் உள்ளாட்சித் தேர்தலே இல்லை. 1973-ஆம் ஆண்டு நகராட்சிச் சட்டமும் 1992-ஆம் ஆண்டின் 74-ஆவது அரசியலமைப்புத் திருத்தமும் ஏட்டில் இருந்தன, மன்றங்கள் இல்லை. 2006-இல் தேர்தல் நடந்தது. 2011-இல் அம்மன்றங்களின் காலம் முடிந்தது. 2021-இல் அறிவிக்கப்பட்ட தேர்தலும் நடைபெறாது போயிற்று. ஐந்தாண்டு முடியுமுன் தேர்தல் நடத்தப்பட வேண்டும் என்று அரசியலமைப்பே கூறுவதை இங்கு நினைவிற் கொள்ளல் தகும்.

கனகசெட்டிக்குளம் தரும் பாடம்

புதுவையின் வடகோடி மீனவ ஊர் கனகசெட்டிக்குளம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் அதைத் தாண்டினால் தமிழ்நாடு. அங்குள்ள ஊராட்சிகளில், 2022-இல் செய்த மாற்றத்தின்படி, ஆண்டுக்கு 6 முறை கிராம சபை கூட வேண்டும். நகரங்களுக்கும் பகுதி சபைகள் வந்தன; 2022 நவம்பர் 1 அன்று பம்மலில் நடந்த சபையில் முதலமைச்சரே கலந்துகொண்டார். கடலும் ஒன்று, மொழியும் ஒன்று, வலையும் ஒன்று. ஆயினும் தெருவிளக்கு எரியவில்லை என்றால், அப்பக்கத்தார் அதைச் சபையில் எழுந்து கேட்கலாம்; இப்பக்கத்தார் மனு எழுத வேண்டும். உரிமைக்கும் விண்ணப்பத்திற்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

ஊழியரும் கற்க வேண்டும்

சபை கூடினால் மட்டும் போதுமா? கேள்விக்கு விடை சொல்லத் தெரிந்த ஊழியர் வேண்டும். பம்பாயில் 1926-இல் தோன்றிய அகில இந்திய உள்ளாட்சி நிறுவனம் சுகாதார ஆய்வாளர் போன்றோருக்குப் பயிற்சி தந்து வருகிறது. கேரளத்தில் 1990-இல் கிலா என்னும் பயிற்சி நிறுவனம் அமைந்தது. 1996-இல் அங்கு மக்கள் திட்டம் தொடங்கியபோது, திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உள்ளாட்சிகளுக்கு ஒதுக்கினர். கிராம சபைகளில் மக்கள் தேவைகளைக் கூறினர். ஊழியருக்கும் உறுப்பினருக்கும் பயிற்சி அளித்தனர். ஓய்வுபெற்ற பொறியாளர்கள் முதலியோர் தொண்டர்களாக வந்து திட்டங்களைச் சரிபார்த்தனர். நம் மாகியைச் சூழ்ந்துள்ள மண்ணிலேயே இது நடந்தது. மக்கள் கேட்கக் கற்றதும் ஊழியர் விடையளிக்கக் கற்றதும் ஒரே காலத்தில் நிகழ்ந்தமையே அதன் சிறப்பு என்பது என் கருத்து.

செய்யத்தக்கன

முதலாவது, மன்றத் தேர்தல் காலந்தவறாது நடைபெற வேண்டும். இரண்டாவது, வார்டுதோறும் சபை கூட்டி, சென்ற கூட்டத்தின் கோரிக்கைகளில் எது முடிந்தது, எது முடியவில்லை, ஏன் என்பதை ஊழியரே வாசிக்க வேண்டும். மூன்றாவது, வரி வசூலிப்பவர் முதல் துப்புரவுப் பணியாளர் வரை யாவருக்கும் பணிக்காலத்திலேயே பயிற்சி வேண்டும். எந்தக் குழாய் எங்கே உடையும் என்று பல ஆண்டு பணியில் அறிந்தவரையே அப்பயிற்சியில் ஆசிரியராகவும் அமர்த்தலாம்.

மாணவராகிய நமக்கும் பங்குண்டு. நம் தெருக்களின் கால்வாய், விளக்கு, குடிநீர் ஆகியவற்றின் நிலையை விடுமுறையில் கணக்கெடுத்து எழுதி வைப்போம். சபை கூடும் நாளில் நாம் வெறுங்கையுடன் செல்லலாகாது.