பிராண்டைவிட உள்ளே இருப்பது முக்கியம்

கேள்வி: மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். பட்ஜெட் 40,000 ரூபாய். கல்லூரி முடியும்வரை உழைக்கும் லேப்டாப்பை எப்படித் தேர்ந்தெடுப்பது?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: முதலில் பார்க்க வேண்டியது ரேம். 8 ஜி.பி.க்குக் குறையக் கூடாது. பின்னால் கூட்டிக்கொள்ள ஸ்லாட் இருக்கிறதா என்றும் கேளுங்கள். சில மாடல்களில் ரேமை போர்டோடு சேர்த்தே பற்றவைத்திருப்பார்கள். அதை மாற்ற முடியாது.

அடுத்தது ஸ்டோரேஜ். 512 ஜி.பி. எஸ்.எஸ்.டி. நல்லது. விலை மலிவு என்று 64 ஜி.பி. இ.எம்.எம்.சி. உள்ளதை வாங்கிவிடாதீர்கள், விண்டோஸ் அப்டேட்டுகளே அந்த இடத்தை விழுங்கிவிடும். பிராசஸரில் செலரானைத் தவிர்த்து, கோர் ஐ3 அல்லது ரைசன் 3 முதல் தேடுங்கள். மணிக்கணக்கில் படிக்கும் பிள்ளையின் கண்ணுக்கு ஃபுல் ஹெச்.டி. திரை அவசியம்.

புதியது கைக்கு எட்டாவிட்டால், அலுவலகங்களில் ஓடிய திங்க்பேட், லாட்டிட்யூட் போன்ற லேப்டாப்கள் செகண்ட் ஹேண்டில் கிடைக்கும். உறுதியான கட்டமைப்பு. ஆனால் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. அதனால் விண்டோஸ் 11 ஓடுமா என்று பாருங்கள். அதற்கு இன்டெல் பிராசஸர் என்றால் பெரும்பாலும் 8-ஆம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ வேண்டும். பேட்டரி, கீபோர்டு, கீல் மூன்றையும் கடையிலேயே சோதித்து, எழுத்தில் வாரண்டி வாங்குங்கள்.

எதை வாங்கினாலும் உங்கள் ஊரில் சர்வீஸ் சென்டர் இருக்கிறதா என்று விசாரியுங்கள். பரீட்சை நேரத்தில் பழுதானால், வாங்கும்போது கிடைத்த தள்ளுபடி உதவாது. பக்கத்தில் இருக்கும் சர்வீஸ்தான் உதவும்.