60 வோல்ட் வண்டிக்கு 5 வோல்ட் மூளை

கேள்வி: என் பழைய எலெக்ட்ரிக் ஸ்கூட்டரில் (12 வோல்ட் லெட்-ஆசிட் பேட்டரி ஐந்து) ராஸ்பெரி பை 4 பொருத்தி, சார்ஜும் வேகமும் திரையில் தெரியவைக்க ஆசை. வண்டி பேட்டரியிலேயே கரன்ட் எடுக்கலாமா?
– வாசகர், திருவொற்றியூர்

தாராளமாக எடுக்கலாம், நடுவில் ஒரு டிசி-டிசி கன்வெர்ட்டர் இருந்தால். ரிச்சி தெருவில் மலிவாகக் கிடைக்கிறதே என்று எல்எம்2596 போர்டை மட்டும் வாங்கிவிடாதீர்கள். அது தாங்குவது 40 வோல்ட்தான். உங்கள் ஐந்து பேட்டரியும் சார்ஜ் ஏறும்போது 70 வோல்ட்டைத் தாண்டும். மிஞ்சுவது புகை! 100 வோல்ட் வரை வாங்கி, 5 வோல்ட் 3 ஆம்பியர் தருவதாகக் கேளுங்கள். பேட்டரியை ஒட்டியே ஒரு ஃபியூஸும் போடுங்கள்.

பையில் அனலாக் இன்புட் கிடையாது. ஏடிஎஸ்1115 போர்டை 3.3 வோல்ட்டில் ஓட்டி, 100 கிலோ ஓம், 3.9 கிலோ ஓம் ரெசிஸ்டர்களால் வோல்டேஜைக் குறைத்து அளக்கலாம். வேகத்துக்குச் சக்கரத்தில் காந்தம், பக்கத்தில் ஹால் சென்சார்.

எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே குலுங்கும் வண்டியில் ஜம்பர் வயர் நிற்காது, சால்டரிங் செய்யுங்கள். உப்புக்காற்றுக்கு, கனெக்டர்களை விட்டுவிட்டு, போர்டில் கன்ஃபார்மல் கோட்டிங் அடியுங்கள். சாவியைத் திருப்பி அணைத்தால் எஸ்டி கார்டு கெடலாம். ராஸ்பி-கான்ஃபிகில் ஓவர்லே வசதியைப் போட்டுவிடுங்கள்.

கேமரா, மேப் எல்லாம் வேண்டாமென்றால் இவ்வளவு செலவே வேண்டாம். இஎஸ்பி32 ஒன்று போதும், விலையும் பல மடங்கு குறைவு.