நடமாடும் எண்கள்

வீடியோ விளையாட்டுகள் பல, ஆடுவோர் அறியாமலே ஒரு கணக்கையும் எழுதி வைக்கின்றன. ஒருவர் எவ்விடத்தில் நின்றார், எந்நொடியில் வீழ்ந்தார், எத்தனை முறை வென்றார் என்பன யாவும் வரிசை வரிசையாகப் பதிவாகின்றன. ஆயினும், பல்லாயிரம் வரிகள் கொண்ட அட்டவணையைக் கண் படிக்குமேயன்றி மனம் பற்றுவதில்லை. அவ்வெண்களையே புள்ளிகளாக்கிப் படமாகக் காட்டினால், மறைந்து கிடந்த செய்தி வெளிப்படும். புள்ளிவிவரம் என்னும் நம் சொல்லிலேயே புள்ளி இருப்பது பொருத்தமே.

2007ஆம் ஆண்டில் ‘ஹாலோ 3’ என்னும் விளையாட்டு வெளிவந்தது. வெளியிடுமுன், மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் ஏறத்தாழ 600 பேரை வரவழைத்து, 3,000 மணி நேரம் ஆடச் செய்து சோதித்தனர். அவர்கள் குறித்த கால இடைவெளிகளில் எங்கெங்கு இருந்தனர் என்பதை நிலப்படத்தின்மேல் வண்ணப் புள்ளிகளாக இட்டனர். காலம் மாற வண்ணமும் மாறும். வழி தெளிவாக இருப்பின், ஒரு வண்ணப் புள்ளிகள் ஓரிடத்தில் திரள, அடுத்த வண்ணம் அதற்கு அப்பால் திரளும். காட்டுப் பகுதி ஒன்றிலோ வண்ணங்கள் யாவும் கலந்து சிதறிக் கிடந்தன. ஆடியோர் வழி தெரியாமல் வந்த இடத்திற்கே மீண்டும் மீண்டும் திரும்பி அலைந்திருந்தனர்! பின்னோக்கிச் செல்ல இயலாதவாறு அந்நில அமைப்பைத் திருத்திய பின்னரே குறை நீங்கிற்று.

அப்புள்ளிகள் அசையாதவை. அவற்றை நடக்கச் செய்வது எங்ஙனம்? கணிப்பொறிக்கு நாம் இடும் கட்டளைத் தொகுதியை நிரல் என்பர். ஓவியரும் எளிதில் நிரல் எழுதுமாறு, ‘பிராசஸிங்’ என்னும் கருவியைப் பென் ஃபிரை, கேசி ரியாஸ் என்னும் இருவர் 2001ஆம் ஆண்டில் உருவாக்கத் தொடங்கினர். வேறு கட்டளை இடாவிடின், அது நொடிக்கு 60 முறை படத்தைப் புதிதாக வரையும். ஒவ்வொரு முறையும் புள்ளி சிறிதே இடம் மாற, நம் கண்ணுக்கு அது ஓடுவதாகத் தோன்றுகிறது. திரைப்படத்தில் நொடிக்கு 24 படங்கள் ஓடுவதும் இவ்வாறே.

மாணவர்களே, வரைவோர் விழிப்புடன் இருத்தல் வேண்டும். 10 முறை வென்றவருக்கு ஒரு வட்டமும், 20 முறை வென்றவருக்கு இருமடங்கு ஆரமுள்ள வட்டமும் வரைவதாகக் கொள்வோம். பரப்பு நான்கு மடங்காகிவிடும்; காண்போர் இரண்டாமவரை நான்கு மடங்கு வல்லவர் என்றே கருதுவர். ஆரத்தை ஏறத்தாழ 1.4 மடங்காக்குவதே முறை.

இயக்கத்தில் மற்றோர் இடர் உண்டு. ஆடுவோரின் இடத்தை ஐந்து நிமிடத்திற்கு ஒருமுறையே குறித்திருந்தால், இடைப்பட்ட வழியைக் கணிப்பொறி தானே நேர்கோடாக வரைந்துகொள்ளும். அவர் ஆற்றைச் சுற்றிச் சென்றிருப்பார். படத்திலோ நீரின்மேல் நடப்பார்! எனவே, பதிவான இடத்தை அழுத்தமாகவும், ஊகித்த வழியை மங்கலாகவும் வரைதல் நன்று.

வீழ்ந்தோர் மிகுந்த இடத்திற்குச் செந்நிறம் ஏற்றும் படங்களும் உள. ஒரு பாலத்தை 1,000 பேர் கடந்து, 100 பேர் வீழ்ந்தனர் என்க. அருகிலுள்ள சந்தில் 50 பேர் நுழைந்து, 40 பேர் வீழ்ந்தனர். எண்ணிக்கையை மட்டும் கொண்டால் பாலமே சிவக்கும். வீழ்ந்தோர் தொகையை நுழைந்தோர் தொகையால் வகுத்த பின்னரே சந்துக்கு உரிய செந்நிறம் கிட்டும்.