காலையில் தானே சரியாகிவிடும் பிரேக்

நம்பிக்கை: “நேற்று இறக்கத்தில் பெடல் பாதாளத்துக்குப் போச்சு. காலையில் மிதித்துப் பார்த்தேன், கல்லு மாதிரி இருக்கு. ஒண்ணும் ஆகல.”

நீலகிரியில் கார் வைத்திருப்பவர்களிடம் புழங்கும் நம்பிக்கைகளில் மிகவும் ஆபத்தானது இதுதான். அவலாஞ்சியிலிருந்து சமவெளிக்கு எமரால்டு, ஊட்டி, குன்னூர் வழியாக மேட்டுப்பாளையம் இறங்கலாம். மஞ்சூர், கெத்தை வழியாக 43 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து காரமடைக்கும் போகலாம். ஊட்டியின் உயரம் சுமார் 2,240 மீட்டர், மேட்டுப்பாளையம் 300 மீட்டர் சொச்சம். ஆட்களோடு 1,300 கிலோ எடையுள்ள ஒரு கார் அந்த உயரத்தை இறங்கி முடிப்பதற்குள் ஏறக்குறைய ஏழு யூனிட் மின்சாரத்துக்குச் சமமான சக்தியை எங்காவது கொட்டியாக வேண்டும். இஞ்சினும் எதிர்காற்றும் வாங்கிக்கொண்டது போக மிச்சமெல்லாம் பிரேக்கில் சூடாக ஏறுகிறது.

பிரேக் ஆயிலுக்குக் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் குணம் உண்டு. டாட்-3 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தரக் கணக்கு. ஈரம் ஏறிய பிறகு அதே ஆயிலுக்கு 140 டிகிரிதான் வரம்பு. டாட்-4 என்றால் 230, பிறகு 155. பல வருஷம் மாற்றாத ஆயில் இறக்கத்தில் கொதித்து ஆவிக் குமிழி விடுகிறது. திரவம் அழுத்தத்தில் சுருங்காது, குமிழி சுருங்கும். நீங்கள் மிதிக்கும் மிதி குமிழியை நசுக்குவதிலேயே செலவாகிவிடும். சக்கரம் வரை போய்ச் சேராது. வண்டி ஆறியதும் ஆவி மறுபடி திரவமாகிவிடுவதால் காலையில் பெடல் கெட்டியாக இருக்கிறது. தடயம் மறைந்துவிட்டது, கோளாறு அப்படியே இருக்கிறது. ஆகவே வீட்டு வாசலில் நின்று செய்யும் எந்தச் சோதனையும் நேற்றைய சம்பவத்தைப் பொய்யாக்காது. இறக்கத்தில் ஒருமுறை பெடல் பஞ்சாகிப்போனால், ஆயிலை முழுதாக மாற்றி, காற்றெடுத்து, பேடையும் பார்க்கும்வரை அந்த வண்டி கீழே இறங்கக் கூடாது. கோளாறே இல்லாவிட்டாலும் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஆயில் மாற்றுவது நல்லது.

அப்படியானால் வீட்டில் எதைத்தான் கண்டுபிடிக்கலாம்? நிறையவே கண்டுபிடிக்கலாம், கால் சொல்வதைக் கேட்டால். இஞ்சினை அணைத்துவிட்டு நாலைந்து முறை மிதியுங்கள். பெடல் இறுகும். மிதித்த காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய்தால் பெடல் லேசாகக் கீழே இறங்க வேண்டும். இதைப் பார்த்துப் பயந்து “பிரேக் போச்சு” என்று ஒர்க்‌ஷாப்புக்கு ஓடுபவர்கள் உண்டு. உண்மையில் மிதிக்குப் பலம் கூட்டும் பூஸ்டர் வேலை செய்கிறது என்பதற்கு அந்த இறக்கமே சாட்சி. இறங்காமல் விறைப்பாகவே நின்றால்தான் பூஸ்டரையோ அதற்குப் போகும் வேக்குவம் ஹோஸையோ சந்தேகப்பட வேண்டும். அடுத்து, இஞ்சின் ஓடும்போது ஒரே அழுத்தத்தில் அரை நிமிஷம் மிதித்தபடி இருங்கள். கால் மெல்ல மெல்லத் தரையை நோக்கிப் போனால் எங்கோ ஆயில் கசிகிறது, அல்லது மாஸ்டர் சிலிண்டரின் உள் ரப்பர் தேய்ந்திருக்கிறது.

“ஆயில் குறைந்தால் ஊற்றிவிட்டால் போதும்” என்பதும் தவறு. பேட் தேயத் தேய டப்பாவில் ஆயில் மட்டம் மெதுவாக இறங்குவது இயல்பு. அதை நிரப்பிவிட்டால் பேட் தேய்ந்த சேதி மறைந்துபோகும். சில நாட்களிலேயே மளமளவென்று இறங்கினால் கசிவுதான். சக்கரங்களின் உட்பக்கத்தை டார்ச் அடித்துப் பாருங்கள், ஈரப் பிசுக்கு தெரியும்.

இந்தப் பக்கத்து வண்டிகளுக்கென்றே ஒரு பீதி: காலையில் எடுத்ததும் வரும் கர்ரென்ற சத்தம். 2019 ஆகஸ்டில் 24 மணி நேரத்தில் 800 மில்லிமீட்டருக்கு மேல் மழை பதிவான ஊர் அவலாஞ்சி. இந்த ஈரத்தில் ராத்திரி வெளியே நிற்கும் வண்டியின் டிஸ்க்கில் செந்நிறத் துரு படியாமல் இருக்குமா? நாலைந்து தடவை பிரேக் பிடித்தால் போய்விடும். போகாமல் இரும்பை இரும்பு சுரண்டுகிற மாதிரி தொடர்ந்தால் பேட் தீர்ந்துவிட்டது. ஹேண்ட் பிரேக் போட்டு நிறுத்தி வைத்த வண்டியில் பின்சக்கர ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்வதும் இங்கே சகஜம். சமதளத்தில் நிறுத்தினால் கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். ஹேண்ட் பிரேக் வேண்டாம்.

“நியூட்ரலில் இறங்கினால் பெட்ரோல் மிச்சம்” என்பதும் தவறான நம்பிக்கை. இஞ்செக்‌ஷன் வண்டிகளில் கியரில் இறங்கும்போது ஆக்சிலரேட்டரை விட்டதும் இஞ்சினுக்குப் பெட்ரோல் போவதே நின்றுவிடுகிறது. நியூட்ரலில் ஐடிலிங்குக்காவது செலவாகும். சாவியைத் திருப்பி இஞ்சினை அணைத்தால் இன்னும் மோசம்: இரண்டு மூன்று மிதியிலேயே பூஸ்டரின் உதவி தீர்ந்துபோகும், பவர் ஸ்டீயரிங்கும் இறுகிவிடும். ஏறிவந்த கியரிலேயே இறங்கு என்று மலை டிரைவர்கள் சொல்வதற்கு இயந்திரவியல் முழுக்கத் துணை நிற்கிறது.

காந்தல் வாடை வந்தால் சக்கரத்தில் தண்ணீர் ஊற்றுவது இன்னொரு பழக்கம். பழுக்கச் சூடான டிஸ்க் அதில் கோணும், விரிசலும் விடலாம். அகலமான இடத்தில் ஒதுங்கி, அரை மணி நேரமாவது தானாக ஆறவிடுங்கள். ஒதுங்கியதுமே, தொடாமல் கையை அருகே கொண்டுபோய் நாலு சக்கரத்தின் வெக்கையையும் ஒப்பிடுங்கள். முன்சக்கரம் இரண்டும் பின்சக்கரத்தைவிடச் சூடாக இருப்பது சரி. முன்னால் ஒரு பக்கம் மட்டும் தகித்தால் அங்கே பேடை அழுத்தும் கேலிப்பர் பிடித்தபடி விடாமல் இருக்கிறது. மெக்கானிக்கிடம் “பிரேக் சரியில்லை” என்று மட்டும் சொல்லாமல், எந்தச் சக்கரம் சுட்டது, எத்தனை வளைவு இறங்கிய பிறகு, பெடல் பஞ்சாக இருந்ததா கல்லாக இருந்ததா என்று சொல்லுங்கள். பெடல் பஞ்சானது என்றால் வண்டியை ஓட்டிக்கொண்டு போகாதீர்கள், அவரை அங்கே வரச் சொல்லுங்கள்.