அழித்து எழுதும் டி.வி.டி. வட்டு: பதிவுக்கு முன் அறிய வேண்டியவை

பால்வெட்டுக்குச் செல்வோர் கத்தியை மரத்தில் வைக்குமுன், வெட்டுக்கோட்டில் காய்ந்து கிடக்கும் ஒட்டுப்பாலை உரித்தெடுத்து, மங்கைத் துடைத்து வைப்பர். பழையதை எடுத்த பின்னரே புதியது இறங்கும். அழித்து எழுதும் டி.வி.டி. வட்டுக்கும் இம்முறை பெரும்பாலும் பொருந்தும். ஆனால் உரித்த ஒட்டுப்பாலை விற்றுக் காசாக்கலாம்; வட்டில் அழித்த படமோ நம் கைக்குத் திரும்புவதில்லை.

இன்று விற்பனைக்கு வரும் மடிக்கணினிகள் பலவற்றில் வட்டுச் செருகும் வாயிலே இல்லை. எனினும், 2000ஆம் ஆண்டுகளில் நடந்த திருமணங்களும் ஆலயத் திருவிழாக்களும் பள்ளி விளையாட்டுப் போட்டிகளும் பல குடும்பங்களில் இன்னும் வட்டிலேயே உள்ளன. தோட்டம் வீடமைப்புப் பகுதியாக மாறி, லயங்களும் மறைந்துவிட்ட இடங்களில், அங்கு எடுத்த திருவிழாப் படம் அந்த ஒரே வட்டில் மட்டும் இருக்கக்கூடும். ஆதலால், அழிப்பதற்கு முன் வட்டை இறுதிவரை ஓட்டிப் பார்த்து, வேண்டியவற்றைக் கணினியிலும் வேறொரு நினைவகத்திலும் படியெடுத்து, அப்படிகள் திறக்கின்றனவா என்றும் சோதித்துக்கொள்ளுதல் வேண்டும். மேலுறையில் எழுதியிருப்பதை மட்டும் நம்புதல் ஆகாது. உறைகள் இடம் மாறுவது எல்லா வீட்டிலும் நடப்பதே.

வட்டின் முகத்தில் 'ஆர்' என்னும் ஓர் எழுத்து மட்டும் இருப்பின், அது ஒரே முறை எழுதத்தக்கது. அதிலுள்ள சாயப்படலத்தை லேசர் ஒளி சுட்டு மாற்றிவிடுவதால் அழிக்க வழியில்லை. 'ஆர்.டபிள்யூ.' என்று இருப்பின், அது அழித்து எழுதத்தக்கது. இதில் சாயத்திற்குப் பதிலாக ஓர் உலோகக் கலவைப் படலம் உண்டு. சர்க்கரைப் பாகு விரைந்து குளிர்ந்தால் கண்ணாடிபோல் உறைகிறது. மெல்லக் குளிர்ந்தால் கற்கண்டாகப் படிகிறது. அப்படலமும் அவ்வாறு இரு நிலைகளைக் கொள்ளும். லேசர் ஒளி கடுமையாகச் சுட்டு உருக்கிய புள்ளி, உடனே குளிர்ந்து மங்கிய புள்ளியாகிறது. இதுவே எழுத்து. அதே புள்ளியை மிதமான சூட்டில் வைத்தால் மீண்டும் படிகமாகி ஒளிர்கிறது. இதுவே அழிப்பு. ஏறத்தாழ 1,000 முறை இவ்வாறு செய்யலாம் என்பது உற்பத்தியாளர் கணக்கு. கீறலும் கைரேகையும் வெயிலும் அக்கணக்கைக் குறைத்துவிடும்.

அடுத்து, 'ஆர்.டபிள்யூ.' என்பதற்கு முன் உள்ள குறியைக் காண்க. பள்ளியில் பயின்ற கழித்தல் குறியும் கூட்டல் குறியுமே இங்கு வருகின்றன. வேறுபாடு சிறிதாயினும் வேலை வேறு.

கழித்தல் குறியுள்ள வட்டைப் புதுப் பதிவுக்கு முன் பொதுவாக அழிக்க வேண்டும். அழிப்பு இருவகைப்படும். விரைவழிப்பு ஓரிரு நிமிடங்களில் முடியும். அது வட்டின் தொடக்கத்திலுள்ள அட்டவணையை மட்டுமே நீக்குகிறது. புத்தகத்தின் பொருளடக்கத்தைக் கிழித்துவிட்டுப் பக்கங்களை விட்டுவைப்பது போன்றது இது. அவ்வட்டில் அடுத்த பதிவை ஒரே மூச்சில் எழுதி முடிக்க வேண்டும். இன்று சிறிது, நாளை சிறிது எனச் சேர்க்க விரும்புவோர் முழு அழிப்பே செய்தல் வேண்டும். அதற்கு நான்கு மடங்கு வேகத்தில் கால் மணி நேரமும், ஒரு மடங்கு வேகத்தில் ஒரு மணி நேரமும் ஆகலாம்.

கூட்டல் குறியுள்ள வட்டுக்குத் தனி அழிப்புத் தேவையில்லை. முதன்முறை 'ஃபார்மட்' எனப்படும் வடிவமைப்பைச் செய்துவிட்டால், பின்னர் பழையதன் மேலேயே புதியதை எழுதலாம். அடிக்கடி பயன்படுத்துவோர்க்கு இவ்வகையே எளிது என்பது நம் கருத்து.

விண்டோஸ் கணினியில் வெற்று வட்டைச் செருகியவுடன் ஒரு கேள்வி எழும்: யூ.எஸ்.பி. நினைவகம்போல் பயன்படுத்துவதா, டி.வி.டி. பிளேயருக்காகவா? முன்னதைத் தேர்ந்தால் கோப்புகளைச் சேர்க்கவும் நீக்கவும் எளிது. ஆனால் தொலைக்காட்சியோடு இணைந்த பிளேயர்கள் பெரும்பாலும் அவ்வட்டைப் படிப்பதில்லை. கைப்பேசிப் படத்தை எந்தப் பிளேயரிலும் காட்ட வேண்டுமாயின், டி.வி.டி. படமாக மாற்றித் தரும் மென்பொருளைக் கொண்டே எழுத வேண்டும். வட்டின் கொள்ளளவு 4.7 ஜிகாபைட் என்று அச்சிட்டிருக்க, கணினி ஏறத்தாழ 4.38 என்று காட்டும். கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என எண்ண வேண்டாம். எண்ணும் முறையே வேறு.

அடையாள அட்டைப் படியும் ஊழியர் சேமநிதிக் கணக்கும் சம்பளச் சீட்டும் வைத்திருந்த வட்டைப் பிறரிடம் தருவதாயின், விரைவழிப்பு போதாது. பக்கங்கள் உள்ளேயே இருப்பதால், அறிந்தவர் தேடி எடுத்துவிட முடியும். கழித்தல் வட்டாயின் முழு அழிப்புச் செய்க. கூட்டல் வட்டாயின் அது நிறையுமளவு வேறு பதிவை மேலே எழுதுக. எறிந்துவிடப் போகும் வட்டைத் துணியில் சுற்றி உடைத்துவிடுதல் நன்று. சில்லுகள் கண்ணில் தெறிக்கக்கூடும்.

அழித்தலையோ எழுதுதலையோ இடி மின்னல் உள்ள மாலையில் தொடங்க வேண்டாம். நடுவே மின்சாரம் நின்றால் கணினி அவ்வட்டை அடையாளம் காணாது போகலாம். அந்நிலையில் வட்டை உடனே குப்பையில் போடாது, மீண்டும் ஒரு முறை முழு அழிப்புக் கொடுத்துப் பார்க்கலாம். பல வட்டுகள் அதிலேயே சீராகிவிடும்.