கொழும்பு வளவில் யாழ்ப்பாணத்து முருங்கை

1990இல் வலிகாமம் வடக்கிலிருந்தும், 1995 ஒக்ரோபர் முடிவில் வலிகாமம் முழுவதிலிருந்தும் இடம்பெயர்ந்த நம் குடும்பங்களிற் சில, பின்னர் ஹெவ்லொக் டவுன், வெள்ளவத்தைப் பக்கம் வந்து தங்கின. தோட்டக்காரனின் கை சும்மா இருக்குமா? கிடைத்த மூலையில் ஊர் முருங்கைத் தடியொன்றை ஊன்றினோம். தளிர்த்தது. ஆனால் சில தடிகள் அடியில் அழுகின. தப்பியவை இலைவிட்டனவேயன்றிக் காய்த்தது குறைவு. "இங்கே தண்ணீருக்குப் பஞ்சமில்லையே, பிறகேன்?" என்று கேட்கிறோம்.

பயிர்களுக்கு நீர், காற்று, ஒளி, உணவு, ஏற்ற வெப்பம், இடம் என்பன வேண்டும். இவை பாடப்புத்தகத்தில் உள்ளவைதான். ஒன்று அளவுக்கு மிஞ்சினால் இன்னொன்று இல்லாமற் போகும் என்பதையே நாம் மறந்துவிடுகிறோம். வேரும் மூச்சுவிடுகிறது. மண்மணிகளின் இடைவெளியிலுள்ள காற்றே அதன் மூச்சு. அங்கே நீர் நிரம்பி நின்றால் காற்று வெளியேறும். வேர் மூச்சுமுட்டி அழுகும்.

யாழ்ப்பாணத்தில் ஆண்டுக்கு ஏறக்குறைய 1250 மி.மீ. மழை, பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில். கீழே வெடிப்புள்ள சுண்ணாம்புக்கல் இருப்பதால் நீர் இறங்கிவிடும். பின்வரும் நீண்ட வெயிலில் முருங்கை பூத்துக் காய்க்கும். கொழும்பிலோ ஏறக்குறைய 2400 மி.மீ.; வைகாசியிலும் ஐப்பசியிலும் கொட்டும். மண்ணும் புளிப்பு. போதாததற்கு மாடிவீடுகளின் நிழல். விதைப்பவன் உவமையில் நான்கு நிலங்கள் உண்டு. வெள்ளம் நிற்கும் நிலத்தை ஐந்தாவதாக நாம் சேர்த்துக்கொள்ளலாம்!

ஆகவே மண்ணை மேடாக்கி நடுங்கள். பழைய பெயின்ற் வாளியானால் அடியில் துளையிட்டு, உடைந்த ஓட்டுத்துண்டு பரப்புங்கள். சிறிது அடுப்புச் சாம்பல் புளிப்பைக் குறைக்கும். காயை எதிர்பாராமல் கொப்பை அடிக்கடி முறித்து இலையைச் சுண்டுங்கள். ஈரமான மூலையை வல்லாரைக்கும் ரம்பைக்கும் விடுங்கள். அவற்றுக்கு அதுவே சொந்த ஊர்.

பிள்ளைகளுக்கு இதைக் காட்டலாம். இரண்டு ரின்களில் பயறு நட்டு, ஒன்றில் மட்டும் துளையிடுங்கள். இரண்டுக்கும் ஒரேயளவாகத் தாராளமாக நீர் ஊற்றுங்கள். முளைத்து இரண்டு கிழமையானபின் பிடுங்கி வேர்களைப் பார்க்கட்டும்.

விடுவிக்கப்பட்ட காணிக்குத் திரும்புவோர் கொழும்பு மரத்திலிருந்தே தடி கொண்டுபோகலாம். முற்றிய, நாலடி நீளக் கொப்பாக வெட்டி, வெட்டுவாய் காயும்வரை சில நாள் நிழலில் வையுங்கள். வெள்ளம் நில்லாத இடத்தில், மாரி தொடங்கும்போது ஊன்றுங்கள்.