வீட்டிலிருந்தே லைனுக்குப் புறப்படும் பணியாளரின் பெட்ரோல் செலவு

மொத்தக் கடைகளில் லைன் போய் ஆர்டரும் வசூலும் பார்க்கிறவர்கள் பலர் இப்போது கடைக்கு வருவதே வாரத்துக்கு ஒரு நாள்தான். ஆர்டரைப் போனில் அனுப்பிவிடுகிறார்கள். ராஜபாளையத்தில் குடியிருப்பவர் ஸ்ரீவில்லிபுத்தூர் கடைக்கு வந்து முகம் காட்டிவிட்டு, மறுபடி சேத்தூருக்கும் தளவாய்புரத்துக்கும் திரும்புவது வீண் அலைச்சல். ஆகவே வீட்டிலிருந்தே புறப்படச் சொல்கிறோம். அந்தப் பயணச் செலவு வரிக்கணக்கில் நிற்குமா என்று உறுப்பினர்கள் கேட்பதால் இதை எழுதுகிறோம்.

தொழிலுக்காகவே செய்த செலவு லாபத்தில் கழியும். 1961ஆம் வருடச் சட்டத்தில் இது 37(1) பிரிவு. 2026 ஏப்ரல் முதல் 2025ஆம் வருடச் சட்டம் வந்து பிரிவு எண்கள் மாறின, கொள்கை மாறவில்லை. வீட்டிலிருந்து கடைக்கு வருவது பணியாளரின் சொந்தப் பயணம். கடையிலிருந்து வாடிக்கையாளரிடம் போவது வேலைப் பயணம்.

வீடே புறப்படும் இடமானால்? இங்கிலாந்தில் இரண்டு வழக்குகள் உண்டு. 1952ல் நியூசம் என்ற வக்கீல், வீட்டிலும் வேலை பார்த்தார். ஆனாலும் லண்டன் அலுவலகத்துக்குப் போய்வந்த செலவைக் கழிக்க முடியவில்லை. 1971ல் ஹார்ட்டன் எதிர் யங் வழக்கில், வீட்டையே தளமாக வைத்துப் பல இடங்களுக்குப் போன கொத்தனாருக்குச் செலவு கழிந்தது. இருவரும் சுயதொழில் செய்தவர்கள், அந்தத் தீர்ப்புகள் நம்மைக் கட்டாது என்றாலும், நியாயம் விளங்குகிறது. எனவே நியமனக் கடிதத்தில் ‘வீட்டிலிருந்து இன்ன லைனுக்குப் புறப்பட வேண்டும்’ என்று எழுதிக் கொடுத்துவிடுவது நல்லது.

எங்கள் கணக்கில் சில வருடங்களுக்கு முன் வவுச்சர்களில் ‘பெட்ரோல் 500’ என்று மட்டும் இருந்தது. எந்த ஊர், எத்தனை கிலோமீட்டர், ஒன்றுமில்லை. மாதம் 3,000 வீதம் வருடத்துக்கு 36,000 ரூபாய் ஏற்கப்படவில்லை. கூட்டு நிறுவனத்துக்கு 30 சதவீத வரி 10,800, அதன்மேல் 4 சதவீத செஸ் 432, ஆக 11,232, வட்டி தனி. பணம் போனதைவிட உறுத்தியது வேறு. அந்தத் தம்பி ஒரு ரூபாய் கூட்டி எழுதியவரல்ல. கூப்பிட்டு விசாரித்தபோது அவர் முகம் சுருங்கிவிட்டது. குறை எங்கள் கணக்கில்தான் இருந்தது.

இப்போது தனி நோட்டு போட்டிருக்கிறோம். தேதி, போன ஊர்கள், வண்டி மீட்டர் காட்டிய எண் முதலும் முடிவும், செலவான ரூபாய், அன்றைய ஆர்டர் சிட்டை எண். கடைசியாகச் சொன்னதுதான் உயிர். பங்க் பில்லை யாரும் வாங்கிவிடலாம்; தளவாய்புரத்துக் கடையின் ஆர்டர் அதே தேதியில் இருந்தால்தான் போனது நிற்கும். கல்யாணம் காட்சிக்குப் போன கிலோமீட்டரைத் தள்ளிவிட வேண்டும். (ஆடிப்பூரத் தேரன்று நம்மூரில் லைன் போனதாக எழுதிய நோட்டு ஒன்றைப் பார்த்தோம். அன்று யார் ஆர்டர் கொடுத்தார்களோ!)

பணியாளர் கைக்கு வரும் தொகையில், வேலைப் பயணத்துக்கு உண்மையில் செலவான அளவுக்கு அவருக்கு வரியில்லை. கணக்கின்றி மாதாமாதம் ‘அலவன்ஸ்’ என்று கொடுத்தால் சம்பளத்தோடு சேரும். வீட்டிலிருந்து வேலைக்கு வரப் பழைய நாளில் இருந்த மாதம் 1,600 ரூபாய் விலக்கு, 2018 பட்ஜெட்டில் பெரும்பாலோருக்குப் போய்விட்டது. அதற்குப் பதிலாக வந்த நிலைக் கழிவு, புதிய வரிமுறையில் 2024-25 முதல் 75,000. அதற்குமேல் சம்பளக்காரர் தம் பெட்ரோலைக் கழித்துக்கொள்ள வழியில்லை. நாம் கொடுக்காவிட்டால் முழுவதும் அவர் தலையில்தான்.

பங்க்கில் மாதக் கணக்கு வைத்திருப்போர் கவனிக்க: ஒருவருக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தச் செலவு கழியாது. 2017 ஏப்ரலுக்கு முன் வரம்பு 20,000 இருந்தது. பழைய நினைவில் 12,000 ரூபாயை எண்ணிக் கொடுத்துவிட வேண்டாம், வங்கி மூலம் அனுப்பவும்.

விற்பனையில் 8 சதவீதம், வங்கி வழி வரவுக்கு 6 சதவீதம் என்று உத்தேச லாபம் காட்டும் சிறு கடைக்காரர்கள் பெட்ரோலைத் தனியாகக் கழிக்க முடியாது. அந்த விகிதத்திலேயே எல்லாம் அடங்கிவிட்டது. ஆனால் பணியாளருக்குக் கொடுத்தது சம்பளமா, பயணச் செலவா என்ற கேள்வி அவர்களுக்கும் வரும். அதற்காகவாவது நோட்டு வேண்டும்.